ஞாயிறு மூன்று மணிக்கு எடுக்கும் குரல்

வாய்கள் திறந்து மூடுகின்றன, முப்பது வாய்கள், எவ் ஃபாலு, து ஃபாலஷ், எல் ஃபாலா, நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், கரைவலை இழுக்கிறவர்கள் தோளோடு தோள் ஒட்டிப் பாடும் அம்பாப் பாட்டின் மெட்டில் நான் கட்டிக்கொடுத்த போர்த்துக்கீசிய வினைச்சொற்கள், ஒருவன் மேசையில் தாளம் போடுகிறான், மாடி அறையின் தகரக் கூரை அதிர்கிறது, ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடித் துறைமுகத்தின் கிரேன்கள் அசையாமல் நிற்கின்றன, நான் மட்டும் நிற்க முடியாமல் கரும்பலகைக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறேன், அப்போதுதான் பார்க்கிறேன், மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு வாய் திறக்கவே இல்லை, நாற்பத்தாறு நாற்பத்தேழு வயது இருக்கும், இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கையை விட்டு விட்டு வெளுத்துப்போன விரல்கள், அவற்றை நோட்டின்மேல் குவித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருக்கிறாள். பெயர் சலேத்தம்மாள். பாடுங்க என்று சைகை காட்டினேன், பாட்டு வேண்டாம் டீச்சர், எனக்கு நாலு கேள்வி கேக்கத் தெரிஞ்சாப் போதும் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை.

அந்த மையத்தை நடத்தியவர் மெல்வின் பூபாலராயர், போர்த்துக்கலில் பழத்தோட்டத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆட்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆங்கில வகுப்பை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கியவர், நல்ல மனுஷர், ஆனால் அவருக்கு எல்லாவற்றிலும் கைத்தட்டல் வேண்டும், டீச்சர், முதல் பத்து நிமிஷம் மோட்டிவேஷன், நீங்க அங்க எப்படி ஜெயிச்சீங்கன்னு சொல்லுங்க, அப்பதான் பசங்களுக்கு ஒரு வேகம் வரும் என்பார், வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ், பதினோரு ஆண்டுகள் லிஸ்பன் அனுபவம் என்ற எழுத்துகளுக்குக் கீழே நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், தினமும் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் மாடியேறுவேன். முதல் நாள் அவர்களுடைய வீட்டுப் பெயர்களிலிருந்து தொடங்கினேன், மச்சாது என்றால் கோடாலி, லோபோ என்றால் ஓநாய், பெரைரா என்றால் பேரிக்காய் மரம், நானூறு வருஷமாக அர்த்தம் தெரியாமல் சுமந்த பெயர்கள், லோபோ வீட்டுப் பையன் ஊளையிட்டுக் காட்டினான், பிறகு ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, துவாலை, இவையெல்லாம் அவர்கள் சொற்கள்தாம், நீங்கள் பிறந்ததிலிருந்து போர்த்துக்கீஸ் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்றேன், அறை முழுக்க ஒரு துணிச்சல் பரவியது, சலேத்தம்மாள் கை தூக்கினாள், எங்க வீட்டாளு கர்வாலோ, அதுக்கு என்ன டீச்சர், கருவாலி மரம், நல்ல கெட்டியான மரம் என்றேன், கெட்டிதான் என்றாள், அவ்வளவுதான், நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருத்தல் என்ற வினையைச் சொல்லித் தருகிறேன், எஷ்தார், அதைச் சொல்லும்போது முதல் எழுத்தை விழுங்கிவிடுவார்கள், ஷ்தோ என்றால் இருக்கிறேன், அங்கே போனை எடுத்தால் நம்மைப்போல் ஹலோ சொல்வதில்லை, ஷ்தோ என்பார்கள், இருக்கிறேன், சொல்லுங்கள் என்கிற மாதிரி. சலேத்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். அந்த வார்த்தைய இன்னொருக்கா சொல்லுங்க என்றாள், சொன்னேன், உட்காராமல் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பைவிட்டு வெளியே போனாள், பின்னாலேயே போனேன், மாடிப்படியில் நடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், மூணு வருஷமா டீச்சர், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாயந்தரம் மூணு மணிக்குக் கூப்பிடுதேன், ஒரு பொம்பள எடுக்கா, இதத்தான் சொல்லுதா, ஷ்தோ ஷ்தோன்னு, நான் அது அவ பேருன்னு நெனச்சேன், பெறகு ஏதோ வசவுன்னு நெனச்சேன், இருக்கேன்னா சொல்லுதா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள், கணவர் கிளாரன்ஸ் கர்வாலோ, ஐந்து வருஷத்துக்கு முன்னால் போர்த்துக்கலின் தென்பக்கம் ஒரு பழத்தோட்டத்துக்குப் போனார், ஒன்றரை வருஷம் ஒழுங்காகப் பேசினார், பிறகு வாரம் ஒன்று மாதம் ஒன்றாகி, ஒரு நாள் அவர் எண்ணில் அந்தப் பெண் குரல். வேற பொம்பள வச்சிக்கிட்டான்னு ஊரே சொல்லிட்டு, எங்க மாமியா மட்டும், இல்ல, அவன் செத்துட்டான்னு சொல்லுதாவ, வாற நவம்பர் ரெண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள்ல அவிய பேரக் கோயில்ல வாசிக்கிற செத்தவிய பட்டியல்ல குடுக்கப் போறாவளாம், நான் அந்தப் பொம்பளைட்ட என் வாயால ஒரு வார்த்த கேக்காம குடுக்க விட மாட்டேன்.

இப்பவே கூப்பிடுங்க, நான் பேசுறேன், ரெண்டு நிமிஷம்தான் என்றேன், கையை நீட்டினேன், அவள் போனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள், நீங்க கேட்டா அவ உங்களுக்குல்லா பதில் சொல்லுவா, எனக்குச் சொல்லணும். நான் நீட்டிய கை அப்படியே நின்றது, அவள் மறுத்தது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. செத்தவர்கள் பட்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் என் உடம்புக்குள் அந்தச் சலவைக் கூடம் திறந்துகொண்டது, லிஸ்பனின் ஓரத்தில் ஓட்டல்களின் விரிப்புகளைத் துவைக்கும் கூடம், நீராவி, வெள்ளை வெள்ளையாகச் சுற்றும் துணிகள், வானொலியோடு சேர்ந்து பாடும் கேப் வெர்தே தீவுப் பெண்கள், அவர்கள் பாடப் பாட நானும் வாயசைத்து, அர்த்தம் தெரியாமல் முதலில் மெட்டையும் பிறகு சொல்லையும் பிடித்து, அப்படித்தான் இந்த மொழி எனக்கு வந்தது, எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. இருபத்தாறு வயதில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன், இரண்டு வருஷத்தில் அவர்கள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள், என் விசா முடிந்தது, அம்மாவிடமோ பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன், அம்மா அதைக் கோயில் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள், அடுத்த வாரம் ஒரு வேலை கிடைத்ததும் கூப்பிடலாம், அடுத்த மாதம் பேப்பர் வந்ததும் கூப்பிடலாம், ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன், எண் செத்தது, இரண்டு வருஷம் நான்கு மாதம். ஒரு வழியாகக் காகிதங்கள் சரியாகி நான் கூப்பிட்டபோது அண்ணன் எடுத்தான், அம்மா போயி எட்டு மாசமாச்சி என்றான், ஒனக்கும் பூசை வச்சாச்சி, செத்தவங்க பேரோட ஒம்பேரையும் வாசிச்சாச்சி, இனி என்னத்த பேச என்று வைத்துவிட்டான். அதன் பிறகும் ஏழு வருஷம் அந்தக் கூடத்தில் விரிப்புகள் மடித்தேன், திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கிறேன், அண்ணன் வீடு அந்தப் பக்கம், கோயில் தெருவில், நடந்தால் இருபது நிமிஷம், நான் நடந்ததில்லை. என் பழைய எண்ணை யார் வாங்கினார்களோ, அம்மா கூப்பிட்டபோது எந்தக் குரல் எடுத்து ஷ்தோ என்றதோ, கனவில் அம்மா அந்தச் சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள், நான் கதவைத் திறக்கப் போகிறேன், இயந்திரம் நின்ற பிறகுதான் திறக்கும் என்று யாரோ போர்த்துக்கீசில் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் முழுக்கச் சலேத்தம்மாள் உழைத்தாள், பாட்டு வேண்டாம் என்றவள்தான், ஆனால் கேள்விகள் வாயில் நிற்கவில்லை, எல் ஷ்தா வீவு, அவர் உயிரோடு இருக்கிறாரா, இந்த மூன்று சொல் அவள் நாக்கில் ஒவ்வொரு தடவையும் வேறு வரிசையில் விழுந்தது, ஒரு நாள் கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டே தானாக அம்பா மெட்டில் போட்டுப் பார்த்திருக்கிறாள், நின்றுவிட்டது, பக்கத்தில் உரித்தவர்களும் அர்த்தம் தெரியாமல் சேர்ந்து பாடினார்களாம், அவர் உயிரோடு இருக்கிறாரா ஏலேலோ, எங்கே இருக்கிறார் ஏலேலோ. அதை வகுப்பில் அவள் பாடிக் காட்டியபோது மெல்வின் கைத்தட்டினார், இதுதான் டீச்சர் மோட்டிவேஷன் என்றார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பரில் இரண்டாவது ஞாயிறு, மூன்று மணி, அங்கே காலை பத்தரை, இன்னைக்கி என்றாள், வகுப்பு முழுக்க இருக்கட்டும், எனக்கு மறந்து போச்சின்னா எடுத்துக் குடுங்க, மேசைமேல் போனை வைத்தாள், ஒலிபெருக்கியைப் போட்டாள், மணி போகிறது, முப்பது பேர் மூச்சுவிடவில்லை, ஷ்தோ என்றது ஒரு கிழக்குரல், நான் எதிர்பார்த்த வயதே இல்லை, எழுபதைத் தாண்டிய கரகரப்பு. சலேத்தம்மாள் வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை, லோபோ பையன் மேசையில் மெதுவாகத் தாளம் தட்டினான், ஏலேலோ, அந்தத் தாளத்தின்மேல் ஏறிக்கொண்டு அவள் சொன்னாள், வணக்கம் அம்மா, நான் இந்தியாவிலிருந்து சலேத், என் கணவர் கிளாரன்ஸ் கர்வாலோ, எங்கே இருக்கிறார், அவர் உயிரோடு இருக்கிறாரா. அந்தக் குரல் மெல்ல, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னது, நௌ சேய், ஃபீல்யா, எனக்குத் தெரியாது மகளே, இந்த எண்ணை மூன்று வருஷத்துக்கு முன்னால் கடையில் வாங்கினேன், அந்த மனிதரை நான் அறியேன், ஆனால் உன்னைத் தெரியும், நீ ஞாயிற்றுக்கிழமைக்காரி, நீ அழுவாய், கத்துவாய், எனக்கு ஒன்றும் புரியாது, முதலில் வைத்துவிடுவேன், பிறகு வைக்கப் பிடிக்கவில்லை, என் பெயர் கிராசா, எனக்கு வேறு யாரும் கூப்பிடுவதில்லை. சலேத்தம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவளுக்கு மகளே புரிந்தது, தெரியாது புரிந்தது, ஞாயிறு புரிந்தது, அது போதுமாக இருந்தது, மன்னிச்சிக்கிடுங்க என்பதற்கான சொல்லை மட்டும் தேடி, கிடைக்காமல், மன்னிச்சிக்கிடுங்கம்மா என்று தமிழிலேயே சொன்னாள், உங்கள அசிங்க அசிங்கமா ஏசிப்புட்டேன் மூணு வருஷமா.

போனை அணைத்ததும் அந்தக் குரல் சொன்னதில் மீதியை நான் தமிழில் சொன்னேன், யாரும் எழுந்திருக்கவில்லை, அவள் வெளுத்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள், பிறகு என்னைப் பார்த்து, பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல, நம்பர மாத்திட்டாவ, அம்புட்டுதான், ஏன் டீச்சர், நீங்க அங்க இருந்தவிய, உயிரோட இருக்க ஒரு மனுஷன் எதுக்குப் பெத்தவளையும் கட்டினவளையும் கூப்பிடாம இருப்பான். வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தேன், நின்றேன், கதவருகில் மெல்வின் நிற்பது தெரிந்தது, சுவரில் இன்னொரு ஃப்ளெக்ஸில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், வெக்கத்துல என்றேன், நான் இருந்திருக்கேன் சலேத்தக்கா, ரெண்டு வருஷம் நாலு மாசம், நான் அங்க டீச்சர் இல்ல, ஓட்டல் துணி துவச்சேன், பேப்பர் இல்ல, ஜெயிச்ச பெறகு கூப்பிடலாம்னு இருந்தேன், நாளாக நாளாகக் கூப்பிட ஒரு காரணம் பத்தாது, அவ்வளவு நாள் கூப்பிடாததுக்கும் சேத்துக் காரணம் வேணும், அதுக்குள்ள எங்கம்மா செத்துட்டாங்க, எனக்கும் பூசை வச்சிட்டாங்க. சொல்லி முடித்தபோது அவள் ஆறுதல் சொல்வாள் என்று எனக்குள் ஏதோ ஒரு அற்பம் எதிர்பார்த்தது, அவள் மேசையை ஓங்கி அடித்தாள், அப்ப நீங்க தெரிஞ்சேதான செஞ்சிருக்கிய, பெத்தவ எத்தன ஞாயித்துக்கிழம போனக் காதுல வச்சிக்கிட்டு நின்னாளோ, தூ. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மெல்வின் உள்ளே வந்தார், டீச்சர், இதையெல்லாம் சொன்னா பசங்க பயந்திருவானுங்க என்றார் மெதுவாக, பயப்படட்டும் சார், பயந்துகிட்டே போகட்டும், போயி வீட்டுக்குப் பேசட்டும் என்றேன், அன்று அந்த முப்பது பேருக்கும் ஒரு புதுப் பாட்டுக் கட்டினேன், அதே அம்பா மெட்டு, வேலை இல்லை ஏலேலோ, காகிதம் இல்லை ஏலேலோ, தோற்றுத்தான் போனேன் ஏலேலோ, அம்மா நான் கூப்பிடுகிறேன், போர்த்துக்கீசில் எழுதி, தமிழில் எழுதி, இரண்டிலும் பாட வைத்தேன், அவர்கள் சிரிக்காமல் பாடினார்கள்.

பத்து நாள் அவள் வரவில்லை, நான் பேருந்து நிலையம்வரை நடந்தேன், துறைமுகம்வரை நடந்தேன், இறால் கம்பெனி வாசலில் நின்று ஆட்கள் வெளியே வருவதற்கு முன் திரும்பினேன், உட்கார்ந்தால் துணி சுற்றும் சத்தம் கேட்டது. பதினோராம் நாள் வகுப்புக்கு அரைமணி நேரம் முன்பே வந்து நின்றாள், கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் கேள்வியோடு வந்திருந்தாள், ஒளிஞ்சிருந்தப்ப நீங்க எங்க போவிய, எங்க போனா உங்களப் பாத்திருக்கலாம். யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி, யோசித்தேன், நம்ம ஊரு அரிசி புளி விக்கிற கடை என்றேன், எவ்வளவு ஒளிஞ்சாலும் நம்ம ஆளு மாசத்துக்கு ஒருக்கா அங்க போயித்தான் ஆகணும். அவள் அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் தமிழில் எழுதினாள், கிளாரன்ஸ் கர்வாலோ, உங்க அம்மா உங்களுக்குச் செத்த பூசை வைக்கப் போறாவ, உயிரோட இருந்தா அவியளுக்கு போன் பண்ணுங்க, எனக்குப் பண்ண வேண்டாம், சலேத். அதைப் படம் பிடித்துக் கிராசா அம்மாவுக்கு அனுப்பினாள், அந்த ஞாயிறு மூன்று மணிக்கு நோட்டைப் பார்த்துப் பார்த்து, திக்கித் திக்கி, என்ன செய்யவேண்டும் என்று அவளே விளக்கினாள், இரண்டு சொல் மட்டும்தான் நான் எடுத்துக்கொடுத்தேன். எழுபது வயது தாண்டிய கிராசா அம்மா, தன் வாழ்நாளில் பார்த்திராத வட்டவட்ட எழுத்துகளை அச்செடுத்து, பேருந்தேறி, மூன்று ஊர்களில் நம் ஊர் அரிசி புளி விற்கும் கடைக் கதவுகளில் ஒட்டினாள், எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல் ஒரு கடையில் தலைகீழாக ஒட்டிவிட்டாளாம், கடைக்காரர் திருப்பி ஒட்டினாராம், அதைச் சொல்லி அவள் சிரித்தது இங்கே தகரக் கூரைக்குக் கீழே கேட்டது.

அக்டோபர் இருபத்திரண்டு, புதன்கிழமை மாலை, வகுப்பின் நடுவே அவள் போன் அடிக்கிறது, தெரியாத எண், எடுத்தாள், ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள், ஒலிபெருக்கி இல்லை, ஆனால் அந்தப் பக்கம் ஒரு ஆண் அழுவது எல்லோருக்கும் கேட்டது, அவள், உங்க அம்மைக்கு மொதல்ல போடுங்க, அவிய மூணாந் தெருவுல உக்காந்து உங்களுக்குப் பூசைக்கு எழுதிட்டு இருக்காவ என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு பல நாள்களில் தெரிந்தவை இவ்வளவுதான், பேப்பர் வரவில்லை, தோட்டத்தை விட்டு ஓடி ஓர் ஆட்டுப்பண்ணையில் இருக்கிறார், என்னத்தச் சொல்லிக் கூப்பிட என்று இருந்தாராம். சேத்துக்கிடுவியளாக்கா என்று கேட்டேன், வரட்டும் பாப்போம், கோவம் அதுக்குள்ள தீந்திராது, கெட்டி மரம்னு நீங்கதான சொன்னிய, வெட்டித்தான் பாக்கணும் என்றாள், சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள், உங்க அண்ணன் நம்பர் இருக்கா டீச்சர்.

இருந்தது. அது மாறவே இல்லை, பத்து வருஷமாக மாறவில்லை. அவள் முன்னால்தான் கூப்பிட்டேன், முப்பது பேருக்கு எத்தனை மொழியில் எத்தனை விதமாகத் தொடங்கச் சொல்லிக் கொடுத்தவள், அண்ணன் யாரு என்றதும் அண்ணே என்று மட்டும் சொன்னேன், அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ போகும் சத்தம், பிறகு தெரியும் என்றான், மூணு வருஷமா இங்க இருக்கன்னு தெரியும், காய்கறி மார்க்கெட்ல மூணு தடவ ஒன் பின்னால வந்திருக்கேன், நீ திரும்பவே இல்ல. எம்பேர இன்னும் செத்தவங்க பட்டியல்ல குடுக்கியாண்ணே என்று கேட்டேன், வருஷா வருஷம் குடுக்கேன், அம்மா பேருக்கு அடுத்தாப்ல, இந்த வருஷமும் குடுத்தாச்சி. நான் உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சுமா. தெரிஞ்சேதான், என்னைக்காவது ஒரு நாளு நீ வந்து ஏம்பேர எப்படிக் குடுக்கலாம்னு எங்கிட்ட சண்ட போடுவன்னுதான், போயி ஒம்பேர நீயே அடிச்சிட்டு வீட்டுக்கு வா.

நவம்பர் முதல் தேதி காலை பத்து மணிக்கு நானும் சலேத்தம்மாளும் ரயில் பாதையைத் தாண்டிக் கோயில் தெருவுக்குள் நடக்கிறோம், நான் முதல் தடவையாக மெதுவாக நடக்கிறேன், அவள்தான் அவசரப்படுத்துகிறாள், கோயிலின் பங்கு அலுவலகத்தில் நீளமான நோட்டு, மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட எழுத்தர், நாளைக்கு வாசிக்க வேண்டிய பெயர்கள், ரெண்டு பேர எடுக்கணும் என்றாள் சலேத்தம்மாள், கர்வாலோ வீட்டுப் பெயரை விரலால் காட்டினாள், உயிரோட இருக்காவ, மாமியாளே போன்ல பேசிட்டாவ, அவர் தலையசைத்து ஒரு கோடு போட்டார், ரெண்டாவது யாரு என்றார். நான் குனிந்தேன், இரண்டு பக்கம் தள்ளி அம்மாவின் பெயர், அதற்குக் கீழே அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் என் பெயர், மை கொஞ்சம் பரவியிருந்தது, இது என்றேன். இவங்க உயிரோட இருக்காங்கன்னு யார் சொல்றது, குடுத்தவரு வரணும்லா என்று அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், நான் சொல்றேன் சார், அது நான்தான் என்றேன். அவர் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு பேனாவைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.